யூரோடைனமிக் டெஸ்ட்டுக்கு அலைஞ்ச கதை, கூடவே வலி மாத்திரை பத்தி ஒரு எச்சரிக்கை

மூத்திரப் பை எப்படி வேலை செய்யுதுனு பாக்கற யூரோடைனமிக் டெஸ்ட் அம்மாவுக்கு முடிஞ்சு ரிப்போர்ட்டும் வந்தாச்சு, ஆனா அந்த கவுண்டர்ல நடந்தத நெனச்சா இன்னும் பத்திக்கிட்டு வருது. அவசரமா வருது, பாத்ரூம் போறதுக்குள்ள கசிஞ்சிடுதுனு ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லாம இருந்தவங்க. மும்பைல நாங்க செம்பூர்ல ஏறி குர்லாவுல மாறி தாதர் போகணும், லோக்கல் டிரெயின்ல டாய்லெட் கிடையாதே, அந்த பயத்துலயே வெளிய போறத நிறுத்திட்டாங்க.

போன்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே என்னென்ன கொண்டு வரணும்னு தெளிவா கேட்டேன், ஃபைலும் பணமும் போதும்னாங்க. அங்க போனா யூரின் கல்ச்சர் (மூத்திரத்துல கிருமி இருக்கானு பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட் பழசு, புதுசு இல்லாம டெஸ்ட் கிடையாதுங்கறார் கவுண்டர்ல இருந்தவர். மூத்திரப் பைக்குள்ள டியூப் போடுறதால இன்ஃபெக்ஷன் இருக்கக் கூடாது, அது நியாயம்தான், அத போன்லயே சொல்றதுக்கு என்ன? அதோட விட்டாரா, ஹால் முழுக்க கேக்கற மாதிரி "பேஷாப் லீக் ஹோதா ஹை க்யா?" (மூத்திரம் கசியுதா?)னு ஒரு சத்தம். அம்மா முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு தரையப் பாத்துக்கிட்டே நின்னாங்க. மெதுவா பேசுங்கனு நான் சொன்னதுக்கு அடுத்த டோக்கன கூப்ட்டுட்டார். அன்னிக்கு போனது வேஸ்ட்.

கல்ச்சர் திரும்ப எடுத்தோம், வேற தேதி கெடச்சுது. இந்த டெஸ்ட்டுக்குப் போறவங்க பயணத்துக்கு பயந்து தண்ணி குடிக்காம போகாதீங்க, மொதல்ல ஒண்ணுக்குப் போகும் வேகத்த அளப்பாங்க, அதுக்கு மூத்திரப் பை ஓரளவு நெறஞ்சிருக்கணும். அப்புறம் சலைன் சொட்டு சொட்டா உள்ள போகும், கம்ப்யூட்டர்ல பையோட பிரஷர் கோடு ஓடும். அம்மாவுக்கு 150 மில்லி கூட தாண்டல, அவங்க அசையாம படுத்திருக்கும்போதே அந்தக் கோடு மலை மாதிரி எழும்பிச்சு. மூத்திரப் பை தானாவே சுருங்குதும்மானு டெக்னீஷியன் காட்டினாங்க. அடக்கத் தெரியலனு இத்தன நாள் தன்னையே திட்டிக்கிட்டிருந்த அம்மா அந்த ஸ்கிரீனயே பாத்துக்கிட்டிருந்தாங்க.

எங்களுக்கு நெஜமாவே உதவினது பிளாடர் டைரிதான், அதாவது ஒண்ணுக்குப் போறத வீட்லயே எழுதி வைக்கற குறிப்பு. கவுண்டர்ல இதெல்லாம் தேவையில்லனு தள்ளி விட்டாங்க, நான் விடாம நேரா டாக்டர் மேஜைல வச்சேன். எத்தன மணிக்கு, எவ்ளோ மில்லி, எப்ப கசிஞ்சுதுங்கறதோட அன்னிக்கு சாப்ட்ட எல்லா மாத்திரையும் எழுதியிருந்தேன். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக்ங்கற வலி மாத்திரை போட்ட நாள்ல பாத்ரூமுக்கு ஓடுறது கொஞ்சம் கொறஞ்சிருந்துது. டாக்டர் அத பாத்துட்டு, ஒண்ணு ரெண்டு நாள வச்சு முடிவு பண்ண முடியாது, ஆனா காரணம் இருக்குனு வெளக்கினாங்க. பை விரியும்போதும் வீக்கம் வந்தாலும் அதோட சுவர்லயே புரோஸ்டாகிளாண்டின்ங்கற வேதிப்பொருள் சுரக்குது, முக்கியமா அதுல பிஜிஈ2ங்கற வகை. அது நரம்புகள உசுப்பி விட்டா பாதி நெறயறதுக்குள்ளயே "போ போ"னு தகவல் போகுது. வலி மாத்திரை அந்தச் சுரப்பையே கொறைக்குது. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்யுதுனு ஜான் வேன்ங்கற விஞ்ஞானி 1971லயே காட்டினார், 1982ல நோபல் வாங்கின மூணு பேர்ல அவரும் ஒருத்தர்.

இதக் கேட்ட எங்க ஏரியா மெடிக்கல் ஷாப்காரர் அப்ப தினமும் ஒண்ணு போடுங்களேன்னார். தயவுசெஞ்சு போடாதீங்க. இண்டோமெதசின், ஃப்ளர்பிபுரோஃபென் மாதிரி வலி மாத்திரையெல்லாம் இதுக்கு முயற்சி பண்ணிப் பாத்திருக்காங்க, சிலருக்கு பலன் இருந்தாலும் வயித்துப் புண் மாதிரி பக்கவிளைவு இருந்ததால வழக்கமான சிகிச்சையா ஆகல. கிட்னிக்கும் கெடுதல், ரத்த அழுத்தமும் ஏறும், சிலருக்கு நேர் எதிரா ஒண்ணுக்கே வராம அடைச்சுக்கும். அம்மாவுக்கு கிட்னி எப்படி இருக்குனு காட்டற கிரியேட்டினின் அளவு ஏற்கனவே கொஞ்சம் கூட, அதனால மூட்டு வலிக்கு போட்டுக்கிட்டிருந்ததையும் டாக்டர் நிறுத்திட்டாங்க. டைரில எழுதலேனா இது தெரிஞ்சே இருக்காது.

இப்ப மூத்திரப் பைய தளர்த்தற மிராபெக்ரான் மாத்திரை ஓடுது. பழைய வகை மாத்திரைல வாய் வறளும், மலச்சிக்கல் வரும், வயசானவங்களுக்கு குழப்பமும் வரலாம்னு இதக் கொடுத்தாங்க, ஆனா இதுலயும் ரத்த அழுத்தம் செக் பண்ணிக்கிட்டே இருக்கணும். கூடவே நேரம் வச்சுப் போற பயிற்சி. போன வாரம் அம்மா தாதர் மார்க்கெட் போய் நிதானமா பூ வாங்கிட்டு வந்தாங்க!

கடைசியா ஒண்ணு, பிரஷர் கிராஃப் காப்பிய டெஸ்ட் முடிஞ்ச அன்னிக்கே கேட்டு வாங்கிடுங்க, அப்புறம் போனா அதுக்கும் அதே கவுண்டர்லதான் நிக்கணும்.