டிவி கார்டு

2024 மார்ச் 10, ஞாயிறு

30 வாரம் 2 நாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலோரத்து டிவி ஓட ஆயிரம் யென் கார்டு போட வேண்டும். அடியில் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜும் அதே கார்டைத்தான் தின்கிறது. தயிரா, சுமோவா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஃப்ரிட்ஜை அணைத்தேன்.

முதல் நாளே தெருனோஃபுஜி விழுந்தார், சுமோவின் உச்சப் படியான யோகோசுனா. அதற்கு அடுத்த படியான ஓசெகிகள் பலரும் சரிந்தார்கள். ஒசாகாவில் நடக்கும் இந்த மார்ச் போட்டிக்கு 'கொந்தளிக்கும் வசந்தம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பெயரைக் காப்பாற்றிவிட்டார்கள். எதிர்க்கட்டில் பாட்டியும் பார்க்கிறாள். நடுவில் திரை, இரண்டு பேர் காதிலும் இயர்போன். யார் தோற்றாலும் அங்கிருந்து "அகான்" என்று ஒரு பெருமூச்சு வருகிறது. போச்சு, ஆகாது என்பதற்கு ஒசாகாக்காரர்கள் சொல்கிற சொல்.

கை நடுங்குகிறது. பிரசவத்தைத் தள்ளிப்போடும் மருந்து அப்படித்தானாம்.

மார்ச் 11, திங்கள்

நாடி 118. இன்றும் தலை கழுவ விடவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

ஒரு பையன் கண்ணில் பட்டிருக்கிறான். தகேருஃபுஜி. அவோமோரிக்காரன், வயது 24. முதல் பிரிவுக்கு இப்போதுதான் வந்திருக்கிறான். தரவரிசைத் தாளில் மாயெகஷிரா 17, கிட்டத்தட்ட அடிவரிசை. அதனால் அவன் ஆட்டம் நாலே கால் வாக்கிலேயே வந்துவிடுகிறது. அவனுக்காகவே கார்டில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகிறது.

143 கிலோ. சுமோவில் இது ஒல்லி. எழுந்த வேகத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு நேரே போகிறான். பக்கவாட்டில் நழுவுவது, ஏமாற்றுவது ஒன்றும் கிடையாது. கன்றுக்குட்டி மடிக்குப் போகிற மாதிரி. மூன்று நாள், மூன்று வெற்றி.

2022 செப்டம்பரில்தான் தொழில்முறைக்கே வந்தான். இது பத்தாவது போட்டி. ஏறிய வேகத்துக்கு முடி ஈடுகொடுக்கவில்லை. முதல் இரண்டு பிரிவுக்காரர்கள் கட்டும் அந்த விசிறிக் கொண்டையை இவனுக்குக் கட்ட முடியாது, நீளம் பற்றாது. சாதாரணக் குடுமியோடு வந்து நிற்கிறான்.

என் தலை சிக்குப் பிடித்துத் தேங்காய் நார் மாதிரி கிடக்கிறது. எனக்கும் பின்னல் வராது.

மார்ச் 13, புதன்

கருப்பை வாய் நீளம் 18 மில்லிமீட்டர். போன வாரம் 21.

பிள்ளையின் நுரையீரலுக்கான ஊசி இரண்டும் போட்டாயிற்று. இனி என்ன என்று கேட்டேன். "இன்றைக்கு இன்றைய நாள்" என்றார் டாக்டர். சுமோ மல்லர்களும் பேட்டியில் இதையேதான் சொல்வார்கள்: ஒரு நாளுக்கு ஒரு ஆட்டம், அவ்வளவுதான். நாளைக்கு யாரோடு மோதல் என்று கேட்டாலும் அதுதான், கோப்பையைப் பற்றிக் கேட்டாலும் அதுதான். எல்லோருக்கும் ஒரே வாத்தியார்போல.

மார்ச் 14, வியாழன்

பங்குனி பிறந்துவிட்டது. அம்மா கூப்பிட்டாள். இங்கே நாலேமுக்கால், திருநெல்வேலியில் ஒன்றேகால்.

"ஏட்டி, வயித்துப் பிள்ளைக்காரி பாக்குற காச்சியா அது? அம்மணக் குண்டனுவள."

"அம்மணமில்லம்மா, கச்சை கட்டியிருக்காங்க."

"என்னத்த கட்டியிருக்கான். ஆமா, அது என்ன வெள்ளையா எறியுதான்?"

உப்பு என்றேன். களத்தைச் சுத்தப்படுத்த. நாளொன்றுக்கு 45 கிலோ வரை போகுமாம். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவனுவளுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள். எனக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப்போட ஆளில்லை என்று அழ ஆரம்பித்தாள். அவள் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை இன்னும் வரவில்லை.

இன்றைக்கு இரவுச் சாப்பாட்டு மீனில் உப்பே இல்லை.

மார்ச் 15, வெள்ளி

அவன் ஜெயித்தான். நான் தூங்கினேன்.

மார்ச் 16, சனி

யோகோசுனா இன்றிலிருந்து இல்லை, விலகிவிட்டார். பாட்டிக்கு ஆச்சரியமே இல்லை. "அந்த முட்டியை வைத்துக்கொண்டு இதுவரை நின்றதே பெரிசு" என்றாள்.

தெருனோஃபுஜி 2015இல் ஓசெகி ஆனவர். முட்டிகள் போய், சர்க்கரை வந்து, தூக்கு தூக்கென்று கீழே தூக்கிப்போட்டு 2019இல் கடைசிக்கு முந்திய பிரிவில் கிடந்தார். சம்பளம் இல்லாத பிரிவு அது. அங்கிருந்து ஏறி வந்து 2020 ஜூலையில் கோப்பை வாங்கினார். அப்போது அவர் இடம் மாயெகஷிரா 17. இன்றைக்குப் பையன் நிற்கும் அதே படி. இரண்டு பேரும் இசெகஹாமா கூடம். ஒரே கூரையடியில் சாப்பிட்டு, ஒரே களத்தில் புரளுகிறவர்கள்.

டிக்கெட் பேச்சை என் வீட்டுக்காரர் எடுத்தார். நாளைக்கு, எட்டாம் நாள், இரண்டு பேருக்கு வாங்கி வைத்தது. "நான் போகலை, இங்கேயே இருக்கேன்" என்றார். இங்கே அரை மணி நேரத்துக்கு மேல் யாரையும் விடுவதில்லை. போங்க என்றேன். நிஜமாத்தான் சொல்றியா என்று இரண்டு தரம் கேட்டார். நிஜமாத்தான் என்று இரண்டு தரம் சொன்னேன்.

மார்ச் 17, ஞாயிறு

போய்விட்டார். ஆபீஸ் நண்பரைக் கூட்டிக்கொண்டு.

போங்க என்று சொன்னது நான்தான். ஆனாலும் போயிருக்கக்கூடாது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு மட்டும் போய்வரலாம் என்று அனுமதி வாங்கியவள் நான். நம்பா ஸ்டேஷனில் இறங்கி, மல்லர்கள் பெயர் எழுதிய வண்ணக்கொடிகளுக்குக் கீழே நடந்து போகிறவர் அவர். மூன்று மணியிலிருந்து ஃபோட்டோவாக அனுப்பிக்கொண்டிருந்தார். கொடி. பெண்டோ சாப்பாட்டுப் பெட்டி. நண்பரின் காலுறை. எதற்கு அந்தக் காலுறை?

டிவியில் மாடி இருக்கைகளைக் காட்டும்போதெல்லாம் தேடினேன். நீலச் சட்டை என்றிருந்தார். அத்தனை பேரும் நீலமாகத் தெரிந்தார்கள். தேடித் தேடிக் கண் வலித்து, பையன் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. நான்கு நிமிடம் உப்பெறிந்து, உட்கார்ந்து, முறைத்து, மறுபடி போய் உப்பெறிவார்கள். ஆட்டம் சில விநாடி. நான் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்த விநாடிகள் அவை.

8-0. பதினைந்தில் எட்டு வந்துவிட்டால் கச்சிகோஷி. அதாவது இந்த முறை கீழே இறக்க மாட்டார்கள், தலை தப்பியது. பாதிப் போட்டியிலேயே வாங்கிவிட்டான்.

ஏழு மணிக்கு வந்தார். அன்றைய ஆட்டப் பட்டியல் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்திருந்தார். வீடியோ காட்டினார். தூரம், ஆட்டம், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சத்தம் இருந்தது. இரண்டு தலை மோதுகிற சத்தம். நெல்லையப்பர் சன்னதியில் சிதறுகாய் போட்ட மாதிரி. டிவியில் அந்தச் சத்தம் வருவதே இல்லை. ஐந்து தரம் போடச் சொல்லிக் கேட்டேன். கோபத்தை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டது.

மார்ச் 18, திங்கள்

பாட்டி இன்று திரையை விலக்கிவிட்டாள். வயிற்றில் ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள். நடக்கச் சொல்கிறார்கள், நடக்க மாட்டேன் என்கிறாள்.

கடைசி நாளில் ஒசாகா கவர்னர் பரிசு என்று ஒன்று கொடுப்பார்கள். 2000இல் ஓத்தா ஃபுசாயே கவர்னரானார், இந்த நாட்டின் முதல் பெண் கவர்னர். மேடையேறி நானே கொடுக்கிறேன் என்றார். சங்கத்தார் ஒப்பவில்லை, சுமோ களத்தில் பெண் கால் படக்கூடாது. அடுத்தடுத்த வருடங்களும் கேட்டுப் பார்த்தார், பதவியில் இருந்த எட்டு வருடமும் நடக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டுப் பாட்டி தன் பழுத்த பாதத்தைப் போர்வைக்கு வெளியே நீட்டிக் காட்டிச் சிரித்தாள்.

2018 நான் வந்த பிறகு நடந்தது, செய்தியில் பார்த்தேன். கியோத்தோ பக்கம் மாய்சுருவில் ஒரு காட்சிப் போட்டி. பேசிக்கொண்டிருந்த மேயர் களத்தின் மேலேயே சுருண்டு விழுந்தார். கூட்டத்திலிருந்து நர்ஸ் உட்படச் சில பெண்கள் ஏறி நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்க, 'பெண்கள் கீழே இறங்கவும்' என்று ஒலிபெருக்கியில் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு உப்பும் தூவினார்கள். சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டது தனிக்கதை.

தீட்டு என்றால் என்ன என்று எனக்கு யாரும் ஜப்பானிய மொழியில் விளக்க வேண்டியதில்லை. மூன்று நாள் பின்கட்டில் உட்கார்ந்து வளர்ந்தவள்தானே. இருந்தும் நாலு மணியானால் கார்டைச் சொருகுகிறேன். இதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

இப்போதுதான் நர்ஸ் வந்து டிரிப்ஸ் மாற்றிவிட்டுப் போனாள். இருபத்துமூன்று வயதிருக்கும். ஊசி ஏறியது தெரியவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

ஓனோசாத்தோவையும் தள்ளிவிட்டான். அவனும் புதியவன்தான், அவனுக்கும் முடி கட்ட வரவில்லை. 10-0.

மார்ச் 20, புதன்

சம இரவு நாள், அரசு விடுமுறை. டாக்டர் வரவில்லை. ஸ்கேன் இல்லை. எண் தெரியாத நாள்.

இன்று எதிரில் ஓசெகி கோட்டோனோவாகா. பெரிய ஆளோடு மோதினால் ஆட்டமும் பிந்தித்தான் வரும். ஆறு மணிச் சாப்பாட்டுத் தட்டு வந்து நிற்கிற நேரம். சூப்பைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தேன். ஜெயித்தான். நடுங்கிப் போர்வையில் கொட்டினேன்.

முதல் பிரிவுக்கு வந்தவுடன் தொடர்ந்து பதினொன்று. 1960 ஜனவரியில் தாய்ஹோ செய்தது, அதன்பின் இப்போதுதான். பாட்டிக்கு அந்த ஜனவரி நினைவிருக்கிறது. அவர்கள் தெருவிலேயே டிவி இருந்தது அரிசிக் கடையில்தான், அவள் அண்ணன் தோளில் உட்கார்ந்து பார்த்தாளாம். தாய்ஹோ அவ்வளவு வெள்ளை, அவ்வளவு அழகு என்றாள். இந்த வயதிலும் கன்னம் சிவந்தது.

மார்ச் 21, வியாழன்

தோற்றான். ஓசெகி ஹோஷோர்யூ கையை மடக்கிச் சுழற்றி வீசினான். "அகான்" வரவில்லை, திரைக்கு அந்தப்பக்கம் சத்தமே இல்லை.

இரவு பத்தரைக்கு வலி. ஏழு நிமிடத்துக்கு ஒன்று, ஆறு நிமிடத்துக்கு ஒன்று. மருந்தின் வேகத்தைக் கூட்டினார்கள். இரண்டு மணிக்கு அடங்கியது.

அவன் தோற்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுதி வைக்கிறேன். சம்பந்தமில்லை.

மார்ச் 22, வெள்ளி

பாட்டி வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, பையனா பெண்ணா என்று முதல்முறையாகக் கேட்டாள். தெரியாது, கேட்டுக்கொள்ளவில்லை என்றேன். இந்த ஊர்க்காரர்கள் பொதுவாக முதல் நாளே கேட்டுவிடுவார்கள். தன் டிவி கார்டை என் தலையணைக்கடியில் சொருகிவிட்டுப் போனாள். 412 நிமிடம் பாக்கி.

வாகாமோட்டோஹாருவை வென்றுவிட்டான். 12-1. நாளை ஜெயித்தால் கோப்பை உறுதி.

அம்மாவுக்கு இன்னும் போலீஸ் வரவில்லை.

மார்ச் 23, சனி

எதிரே அசானோயாமா. ஒரு காலத்தில் ஓசெகியாக இருந்தவன். பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய்க் கயிற்றுக்கு வெளியே விட்டான். அதில் ஒன்றுமில்லை. தோற்ற பிறகு பையனால் வலது காலை ஊன்ற முடியவில்லை. கணுக்கால். வணக்கம் சொல்ல வேண்டும், அது கட்டாயம், அதற்குக்கூடக் கால் வரவில்லை. சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். அகலமான நாற்காலி, அவர்களுக்கென்றே வைத்திருப்பார்கள்போல. பிறகு ஆம்புலன்ஸ் என்று செய்தி.

சாப்பாட்டைத் தொடவில்லை. நர்ஸ் ஏன் என்று கேட்டாள். கால் என்றேன். என் காலைப் பிடித்துப் பார்த்தாள்.

பிள்ளைக்காக ஏற்பட்ட பயம் எல்லாம் இந்தக் கணுக்காலில் போய் உட்கார்ந்துவிட்டது. கேட்டால் சிரிப்பார்கள். இவரிடம் ஃபோனில் சொன்னேன், சிரிக்கவில்லை. "நாளைக்கு விலகிருவான். ஓனோசாத்தோவும் தோத்தாத்தான் இவனுக்குக் கோப்பை" என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். எனக்குக் கணக்கு வேண்டாம். 24 வயசு. விலகட்டும், வீட்டுக்குப் போகட்டும், ஐஸ் வைத்துப் படுக்கட்டும். இல்லை, வரட்டும். நாளைக்கு வந்து நிற்கட்டும். எது வேண்டுமென்று தெரியாமலே மணி மூன்றாகிவிட்டது.

எதிர்க்கட்டிலில் இன்னும் யாரையும் போடவில்லை. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

32 வாரம் 2 நாள்.

வந்தான். கணுக்காலில் கட்டு. எதிரே கோனோயாமா, நெயாகாவாக்காரன், இந்த ஒசாகா மண்ணின் பிள்ளை. உள்ளூர்க்காரனுக்கு எதிராகவே அரங்கம் அவன் பெயரைச் சொல்லி இரைந்தது. உப்பை அள்ளினான். நான் அவன் வலது காலை மட்டும் பார்த்தேன். மோதினான், தள்ளினான், தள்ளினான், கோனோயாமா கீழே கிடந்தான்.

அரங்கத்தில் சத்தம். என் அறையில் நான் மட்டும். "அகான்" என்று நானே சொல்லிக்கொண்டேன், அந்த இடத்தில் அது தப்பு என்று தெரிந்தும்.

13-2. புதிதாக வந்தவன் கோப்பை வாங்குவது 1914இல் ர்யோகோகு என்பவருக்குப் பிறகு இப்போதுதான். 110 வருடம். மூன்று சிறப்புப் பரிசுகளும் அவனுக்கே. முந்தின நாள் நடக்கவே முடியாமல் கிடந்தானாம், யோகோசுனா வந்து பேசியபிறகுதான் மனசு மாறினானாம். முட்டி போன அந்த யோகோசுனாதான். சாதனை பெரிதில்லை, பார்த்தவர்கள் நினைவில் இரு என்ற மாதிரி ஏதோ சொன்னாராம்.

பரிசு கொடுக்க ஏறியவர்கள் எல்லோரும் ஆண்கள். எண்ணினேன்.

அந்தக் கால் இனி என்னாகும் என்று யாரும் பேசவில்லை. மேயில் தோக்கியோவில் அடுத்த போட்டி.

அம்மா பேசினாள். நாளைக்குப் பங்குனி உத்திரம், எல்லோரும் சாஸ்தா கோவிலுக்குப் போகிறார்கள். "ஒம் பேர்ல பொங்கல் வைக்கேன். அந்தப் பையன் பேரு என்னட்டி?" சொன்னேன். வாயில் நுழையவில்லை. "சரி, நட்சத்திரமாவது சொல்லு."

பாட்டி கார்டு: 96 நிமிடம்.

மார்ச் 25, திங்கள்

விடிகாலை 3:40. மறுபடி. மானிட்டரை வயிற்றில் கட்டியிருக்கிறார்கள். காகிதம் மடங்கி மடங்கித் தரையில் விழுகிறது. ஐந்து நிமிடம். இவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டேன். குழந்தை டாக்டரும் வருகிறாராம். நர்ஸ் என் தலையைச் சீவிப் பின்னப் பார்த்தாள், முடியவில்லை, ரப்பர் பேண்டில் முடிந்துவிட்டா