வெட்டுக்கிளியின் வயிறு

அல்சூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு சிறிய வைஸ் (பிடிப்புக் கருவி) பொருத்தியிருக்கிறேன். இரவில் பாத்திரம் கழுவி முடிந்த பிறகு, நீண்ட தண்டுள்ள 8ஆம் எண் தூண்டில் முள்ளை அதில் செருகி, பூச்சி போலக் கட்டிய பொய் இரையை வீசி மீன் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங்குக்கான வெட்டுக்கிளி கட்ட உட்காருவேன்.

அமெரிக்கர்களின் டேவ்ஸ் ஹாப்பர் என்ற வெட்டுக்கிளி இரையில் மான் முடியை நூலால் இறுக்கி, அது விரிந்து நின்றதும் தலை வடிவில் கத்தரிப்பார்கள். முடிக்குள் காற்றறைகள் இருப்பதால் தலை மிதக்கும். நம் நாட்டு மான்களுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல் என்பதால் நான் அந்த வழிக்கே போகவில்லை. சிக்பேட்டையில் வாங்கிய 2 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டே எனக்கு உடல். கால்களுக்குத் தையற்கடை எலாஸ்டிக் நூல். அதன் நடுவே ஒரு முடிச்சுப் போட்டால் முழங்கால் தானாக மடங்கிவிடும்.

முதலில் கட்டியவை பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் கனகபுரா பக்கம் பெரியப்பாவின் தோட்டக் குளத்தில் விரால் இரண்டு முறை பாய்ந்து அடித்தும் முள் ஏறவில்லை. "இத்தனை பாட்டுக்கு ஒரு மண்புழுவைக் கோத்தால் ஆகாதா தம்பி?" என்றார் பெரியப்பா. வீட்டுக்கு வந்து கண்ணாடித் தம்ளர் நீரில் அதை மிதக்கவிட்டுக் கீழிருந்து பார்த்தபோதுதான் பிழை விளங்கியது: மடித்துக் கட்டிய ஃபோம் தண்டுக்குக் கீழே தொங்கி, முள்முனைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட வாயை அடைத்திருந்தது. இப்போது ஃபோம் முழுவதும் தண்டின் மேலே. கீழே மஞ்சள் நூல் ஒரு சுற்று மட்டும். மீன் பார்ப்பது வயிற்றைத்தானே!

காலைக் குளிரில் வெட்டுக்கிளி அசையாது என்பதால், வெயில் ஏறிக் காற்று புல்லை அலைக்கும் நேரத்துக்குத்தான் தூண்டிலை எடுக்கிறேன். புல்லோரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அது 'தொப்'பென்று விழவேண்டும்; அலை அடங்கும்வரை காத்திருந்து ஒரே ஒரு முறை அசைக்கவேண்டும். மெல்லிய தூண்டில் நரம்பு இந்தப் பருமனான பூச்சியைத் தாங்காமல் முறுக்கிக்கொள்ளும் என்பதால் நுனிக்குச் சற்றுத் தடித்ததையே கட்டுகிறேன்.

போன ஞாயிறு இரண்டாவது விரால் ஒரு காலை அறுத்துச் சென்றது. நொண்டி வெட்டுக்கிளியையே மறுபடி வீசினேன். மூன்றாவது விரால் மற்றக் காலையும் கொண்டுபோயிற்று.