அவளால் எது முடியாது?

நான்கு ஆண்டுகளாக ஒரு மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகி, ஏரியின் மதகுகளைத் திறந்து மூடி வயல்களுக்கு நீர் பங்கிடும் நீர்க்கட்டி ஒருவரின் மகள். அவள் அழைத்தால் நீர் வரும். முதல் வரைவைப் படித்த நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவளால் எதுதான் முடியாது?" ஏழாம் அத்தியாயத்திலேயே ஒரு முழுப் படையை வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டிருந்த என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

அந்தக் கேள்வியோடுதான் மணிமேகலையைத் திரும்பவும் எடுத்தேன். பாடமாகப் படித்த காலத்தில் தேர்வுக்கு வேண்டிய அளவுக்கு மேல் அது என் மனத்தில் தங்கியதில்லை. இம்முறை, மந்திரம் வரும் இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். மணிபல்லவத் தீவில் மணிமேகலா தெய்வம் காப்பியத் தலைவி மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களைக் கற்றுத் தருகிறது: வேற்றுரு கொள்ள ஒன்று, வான்வழி செல்ல ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. தன்னை விரும்பித் தொடரும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்புவதற்காக அவள், தீராப் பசிச் சாபம் பெற்ற காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுத்துக்கொள்ள, பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிரிந்திருந்த மனைவியைத் தேடி வந்த காஞ்சனன் அந்த உருவை உண்மை என்றே நம்பி, பொறாமையில் இளவரசனை வாளால் வெட்டிக் கொல்கிறான். பழி மணிமேகலையைச் சிறை வரை கொண்டுபோகிறது. உண்மையான காயசண்டிகையோ, சாபம் நீங்கி வானில் ஊர் திரும்பும்போது விந்தியமலைக்கு மேலே பறந்ததால் அம்மலையைக் காக்கும் விந்தாகடிகையின் வயிற்றுக்குள் போகிறாள். பறக்கத் தெரிந்தவர்களுக்கும் பறக்கக் கூடாத ஓர் இடத்தைச் சாத்தனார் வைத்திருக்கிறார்.

என்னை அதிக நாள் பிடித்து வைத்திருந்தது அதே காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதைதான். அள்ள அள்ளச் சோறு குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அதை ஒருவரால் எப்படித் தோற்கடிக்க முடியும்? பாத்திரத்தை இந்திரன் பறிக்கவோ உடைக்கவோ இல்லை. பாண்டிய நாட்டில் மழையைப் பெய்வித்து, உண்பதற்கு ஆளே இல்லாமல் செய்துவிடுகிறான். பசித்தவர்களைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பலேறிய ஆபுத்திரன், வழியில் ஆளற்ற மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. தன் ஒரு வயிற்றுக்காக அந்தப் பாத்திரத்தை வைத்திருக்க மனமில்லாமல், கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான். இதைப் படித்த இரவில் என் ஏழாம் அத்தியாயத்தை நீக்கினேன்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968-இல் வெளியிட்ட 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலில், ரோக் தீவில் வரவழைக்கும் மழை இன்னொரு தீவான ஆஸ்கிலில் வறட்சியாகலாம் என்று மந்திரப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எச்சரிக்கிறார். இதை வியந்து அடிக்கோடிட்ட எனக்கு, எங்கள் பக்கத்து ஏரிகளே அப்படித்தான் இருக்கின்றன என்பது வெகு தாமதமாகத்தான் உறைத்தது. மேல் ஏரி நிரம்பி, மிகை நீர் வெளியேறும் கலிங்கு வழிந்தால்தான் அடுத்த ஏரிக்குத் தண்ணீர். என் நாயகி அழைக்கும் நீரும் இனி எங்கிருந்தோ வராது. கீழ் ஏரிக்குப் போக வேண்டியதுதான் அவளிடம் வரும்.

மாயத்தை விட மொழிதான் கடினமாக இருக்கிறது. 1973-ஆம் ஆண்டின் கட்டுரை ஒன்றில் லெ குவின், ஒரு மிகுபுனைவு நாவலின் உரையாடலில் சில சொற்களை மட்டும் மாற்றி, அது வாஷிங்டன் அரசியல்வாதிகளின் பேச்சாகவே ஒலிப்பதைக் காட்டினார். தமிழில் எனக்கு இரு பக்கமும் பள்ளம்: ஒரு பக்கம், சரித்திரத் தொடர்கதைகளிலிருந்து ஒட்டிக்கொண்ட "தங்கள் சித்தம் அரசே", மறு பக்கம், பேருந்து நிலையப் பேச்சு. மதகு, கலிங்கு, கடைமடை (நீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல்) என்று வேலையின் சொற்கள் வரும் இடங்களில் மட்டும் உரையாடல் தானாக நிமிர்ந்துகொள்கிறது.

இப்போது பத்தாம் அத்தியாயத்தில் இருக்கிறேன். கீழ் ஏரி வறண்டுவிட்டது. அவள் தந்தையை வாழ்நாள் முழுவதும் "டேய்" என்று மட்டுமே அழைத்த பெரிய நிலக்காரர், கரைமேல் நடந்து அவள் வாசலுக்கு வந்து நிற்கிறார். அவளை அவர் என்னவென்று கூப்பிடுவார் என்று தெரியாமல், மூன்று நாள்களாக அடுத்த வரியை எழுத முடியவில்லை.