புல்லட்டில் ஆயில் ஒழுக்கு: ஹெட்டை இறக்கச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்

"புல்லட்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும் அண்ணாச்சி. ஒழுகலைன்னாத்தான் பயப்படணும்" என்று ஒரு மெக்கானிக் சிரித்தால், அங்கே வண்டியை விடாமல் நகர்ந்துவிடுங்கள். பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை இதே ஜோக்கைக் கேட்டுக் காது புளித்துவிட்டது எனக்கு.

வண்டி 1988 மாடல், 350 சிசி. வலது காலில் கியர், காஸ்ட் அயர்ன் இன்ஜின். சித்தப்பா ஓட்டி எனக்கு வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எடுக்காமல் நின்ற வண்டியை, தை பிறந்ததும் பக்கத்து ஒர்க்ஷாப்பில் ஜெனரல் சர்வீஸுக்கு விட்டேன். அந்தத் தம்பி டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். நுனியில்கூட ஆயில் இல்லை. "சுத்தமா காலி" என்று சொல்லி ஒரு லிட்டர் பாட்டிலை அப்படியே கவிழ்த்துவிட்டார்.

அங்கேதான் வினை. இந்தப் பழைய இன்ஜினில் ஆயில் டேங்க் தனி அறை, கிராங்க் தண்டு சுற்றும் இடம், அதாவது கிராங்க்கேஸ், தனி அறை. ஒரு பம்ப் டேங்கிலிருந்து ஆயிலை இன்ஜினுக்குத் தள்ளும், இன்னொன்று கீழே விழுந்ததைத் திரும்ப டேங்குக்கு ஏற்றும். பம்ப் தேய்ந்திருந்தால், வண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது டேங்கில் உள்ள ஆயில் மெல்ல கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். ஸ்டிக்கில் காட்டாது, ஆனால் ஆயில் எங்கேயும் போகவில்லை, உள்ளேயேதான் கிடக்கிறது. அதற்கு மேல் ஒரு லிட்டரைக் கொட்டினால் எங்கே போகும்? பேட்டை, சுத்தமல்லி தாண்டிச் சேரன்மகாதேவி போய்ச் சேர்வதற்குள் என் வலது பேன்ட் கால் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. ஷூவுக்குள்ளும் ஆயில்.

எனவே நின்ற வண்டியில் ஆயில் அளவு பார்க்கவே பார்க்காதீர்கள். ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடாகும்வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, அப்புறம் ஸ்டிக்கை எடுங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டி முதலில் கொஞ்ச நேரம் சைலன்சரில் நீலப் புகை கக்கினாலும் "பிஸ்டன் ரிங்கு போச்சு" என்று முடிவு கட்ட வேண்டாம். கீழே இறங்கிய ஆயில்தான் எரிகிறது. சூடான பிறகும் புகை நிற்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அதிகப்படி ஆயிலை இறக்கியாகிவிட்டது. ஒழுக்கு குறைந்ததே தவிர நிற்கவில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வேறொரு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். அவர் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் ஃபின்களில் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். "ஹெட் பேக்கிங் போயிட்டு. இறக்கணும். இறக்கும்போதே போரும் பாத்துருவோம்." ஹெட் என்றால் சிலிண்டரின் மேல்மூடி, பேக்கிங் அது கசியாமல் இடையில் வைக்கும் தகடு, போர் சிலிண்டரின் உள்துளை. தொகை கேட்டதும் நான் முழித்ததைப் பார்த்து, "சரி, இப்போதைக்குச் சிலிகான் பேஸ்ட் போட்டுப் பாப்போம்" என்று, கண்ணில் பட்ட ஜாயின்ட்டில் எல்லாம் பூசி அனுப்பினார். பிற்பாடு டேப்பெட் கதவை (வால்வு இடைவெளியைச் சரிசெய்யத் திறக்கும் சின்ன மூடி) திறந்தபோது அந்தப் பேஸ்ட் உள்பக்கம் சேமியா மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துண்டு அறுந்து ஆயில் வழியில் சிக்கியிருந்தால் இன்ஜின் கதை என்ன ஆகும்? வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே பிதுங்கியதை யார் பார்ப்பது?

அதற்கு மேல் யாரையும் நம்பாமல் வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் எந்த ஆயில் ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும். இந்த வண்டியில் இன்ஜின், கிளட்ச் கேஸ், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி. சக்கரத்திலும் செயினிலும் கெட்டியாக அப்பியிருந்தால் அது கியர்பாக்ஸ் கிரீஸ். கிளட்ச் கேஸுக்கு நடுவில் ஒரே நட்டுதான், உள்ளே ரப்பர் வளையம். ஒழுகுகிறதே என்று நட்டை இறுக்கினால் மூடிதான் வளையும், ரப்பரை மாற்றுங்கள். என் வண்டியில் வடிந்தது வலது பக்கம், கறுப்பாக, தண்ணியாக. சந்தேகமே இல்லை, இன்ஜின் ஆயில்.

இன்ஜின் முழுவதையும் மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, பஞ்சு வேஸ்ட்டால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, மேலே முகப்பவுடரைத் தூவினேன். பிறகு சும்மா தச்சநல்லூர் வரை ஒரு நடை. கசிகிற இடத்தில் பவுடர் நனைந்து கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டின் அடியைப் பார்க்கக் கூடாது, தலையைப் பார்க்க வேண்டும். எதிர்க்காற்று ஆயிலைப் பின்னால் இழுக்கும், எடை கீழே இழுக்கும். நனைந்ததில் எது மேலே, எது முன்னே இருக்கிறதோ அதுதான் ஊற்று.

ஹெட் பேக்கிங் சுற்றிலும் பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது! கோடு தொடங்கியது அதற்கும் மேலே, வால்வை அமுக்கும் ராக்கருக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயை மாட்டும், நடுவில் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டில். அங்கே உள்ள செப்பு வாஷர் இறுகிப்போய்க் கசிந்து, ஃபின் வழியாக இறங்கியதைத்தான் அந்த மனிதர் ஹெட் கசிவு என்றார். ஒரு வாஷருக்காக இன்ஜினையே பிரித்திருப்பார்.

புது வாஷர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பழசைக் கம்பியில் கோத்து, சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் செப்பு மறுபடி மிருதுவாகிவிடும். நான் கேஸ் அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டார். "சோறு பொங்குற அடுப்புல என்னத்தல வச்சிருக்க?" வாஷர் சரியாகிவிட்டது. வசவுதான் ராத்திரி வரை நிற்கவில்லை.

இரண்டாவது கசிவு டேப்பெட் கதவில். அதற்கும் ஒரே நட்டு. ஆளாளுக்கு ஸ்பேனர் போட்டு இறுக்கி, தகடு நடுவில் குழிந்திருந்தது. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, கதவின் ஓரம் சீராகும்வரை தேய்த்து, புது பேக்கிங் வைத்தேன். அதன் பிறகும் லேசாகப் பிதுங்கியது. அப்போதுதான் இன்ஜின் மூச்சுவிடும் வழியான பிரீதர் மேல் சந்தேகம் வந்தது.

பிஸ்டன் இறங்கும்போது கிராங்க்கேஸில் உள்ள காற்று வெளியே போயாக வேண்டும். ஏறும்போது வெளிக்காற்று உள்ளே வரக் கூடாது. அதற்கென்று பிரீதரில் டக்பில் என்று வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது. அதைக் கழற்றித் துடைத்து வட்டமான பக்கம் வாயை வைத்தேன். ஊதினால் காற்று போனது. உறிஞ்சினாலும் வந்தது. நல்ல வால்வு என்றால் உறிஞ்சும்போது உதடு ஒட்டி மூடிக்கொள்ள வேண்டும். இது காய்ந்து விறைத்து, திறந்த வாய் திறந்தபடி நின்றது. உள்ளே காற்றழுத்தம் ஏறினால் எந்த பேக்கிங் போட்டும் பலனில்லை, பலவீனமான ஜாயின்ட்டைத் தேடி ஆயில் வரும்.

இந்தச் சின்ன ரப்பருக்கு அலைந்ததுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல். ஸ்பேர்ஸ் கடையில், "அதெல்லாம் இப்ப ஓடுத அயிட்டம் இல்ல அண்ணாச்சி, பிரீதர் பைப்பு வேணும்னா தாரேன்" என்றார்கள். இன்னொரு கடையில் "இதேதான்" என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தது புது மாடலுக்கு உரியது, வாயே பொருந்தவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் கவரைப் பிரித்தது குற்றமாம். கழற்றிய பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கடைசியில் தென்காசியில் ஒரு பழைய பட்டறையில், பெரியவர் ஒருவர் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்துத் தந்தார். வாங்கின இடத்திலேயே ஊதியும் உறிஞ்சியும் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படித்தான் பாக்கணும்" என்றார்.

மாட்டிவிட்டு அம்பாசமுத்திரம் போய் வந்தேன். டேப்பெட் கதவு காய்ந்து கிடந்தது. பேன்ட்டும் சுத்தம். ஜங்ஷன் மெக்கானிக் வழியில் பார்த்துவிட்டு, "நம்ம போட்ட பேஸ்ட் பிடிச்சுட்டுல்லா?" என்றார். நடுரோட்டில் என்ன வாதாடுவது என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

செயின் பக்கம் கியர்பாக்ஸில் கொஞ்சம் கிரீஸ் கசிவு பாக்கி இருக்கிறது. செயின் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைக் கழற்றினால்தான் அந்த ஆயில் சீலைத் தொட முடியும். செயின் செட் மாற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.