ஸ்காபரோவில் அப்பாவைத் தேடிய நாள்: ஃபோன் அலேர்ட் யாருக்கு வரும், யாருக்கு வராது

போன நவம்பரில் எங்கள் அப்பா ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள வீட்டிலிருந்து வெளிக்கிட்டுக் காணாமல் போனார். அன்றிரவே கிடைத்துவிட்டார், இப்போது சுகமாக இருக்கிறார். வாசிக்கிறவர்கள் பதறக்கூடாது என்பதற்காக அதை முதலே சொல்லிவிடுகிறேன். மறதி நோயுள்ள தாய் தகப்பனை வீட்டில் வைத்துப் பார்க்கிற குடும்பங்கள் எங்கள் ஆட்களுக்குள் நிறைய. பொலிஸுக்கு எப்போது அடிக்க வேண்டும், அவர்கள் வந்து என்ன கேட்பார்கள், ஃபோனில் அலறிக்கொண்டு வருகிற அந்த அலேர்ட் எங்கள் வயதானவர்களுக்கும் வருமா என்பதையெல்லாம் நாங்கள் அன்றைக்குத்தான் அறிந்தோம். இன்னொரு வீட்டுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

அப்பாவுக்கு எண்பதை நெருங்குகிற வயது. யாழ்ப்பாணம் கொக்குவில்காரர். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அல்ஸைமர் என்று வைத்தியர்கள் உறுதிப்படுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. தேவாரம் ஒரு சொல் பிசகாமல் பாடுவார், பேத்தியின் பெயர் வராது. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர். அம்மா குளித்துவிட்டு வந்து பார்த்தால் கட்டிலில் ஆளில்லை. முன்கதவு சாத்தியபடி இருந்தது, பூட்டு திறந்திருந்தது. கொழுவியிலிருந்த கறுப்புக் குளிர் ஜக்கெட்டையும் காணவில்லை. மனைவி வேலைக்கு அடித்து, "மாமாவைக் காணேல்லையப்பா, நான் பஸ் ஸ்ரொப் வரைக்கும் ஓடிப் பாத்திட்டன், நீங்கள் வாங்கோ" என்றபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

உறவுக்காரர் ஒருவர் உடனே சொன்னது: "24 மணித்தியாலம் போகாமல் பொலிஸ் முறைப்பாடு எடுக்காது." இது எங்கள் சனத்துக்குள் மட்டுமல்ல, எல்லாரிடமும் ஊறிப்போன கதை. அப்படி ஒரு விதி இல்லை. மறதி நோயுள்ளவர் காணாமல் போனால் அது அவசரம்தான், நேரே 911 அடிக்கலாம். மனைவி அடித்தாள். அம்மாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை லைனில் எடுக்கலாம் என்று அந்தப் பக்கத்தில் இருந்தவரே சொன்னார். ஆங்கிலம் தெரியாத அம்மா அப்பாமார் தனியே இருக்கும் வீடுகள் இதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும்: 911 அடித்து "தமிழ்" என்று சொன்னாலே போதும், ஆளைப் பிடித்துத் தருவார்கள்.

கேள்விகள் வேகமாக வந்தன. உயரம், நிறை, கடைசியாகக் கண்ட நேரம், என்ன உடுப்பு, கையில் காசு இருக்கிறதா, ஃபோன் கொண்டு போனாரா, என்ன மருந்து எடுக்கிறார், நீரிழிவு உண்டா, முன்பு இப்படிப் போயிருக்கிறாரா, போனால் எங்கே போவார். உடுப்புக் கேள்வியில் மனைவி தடுமாறிப் போனாள். மேலே ஜக்கெட், கீழே நீலக் கட்டம் போட்ட சாரம், காலில் வீட்டுச் செருப்பு. அதே சாரத்தோடு அப்பா முற்றத்தில் நிற்கிற படம் ஒன்றை மகள் தன் ஃபோனிலிருந்து எடுத்துக் கொடுத்த பிறகுதான் வந்திருந்த அதிகாரிக்கு விளங்கியது. எங்களிடம் இருந்த மற்றப் படங்களெல்லாம் கல்யாண வீட்டுப் படங்கள். கோட்டும் சூட்டும், தலைக்கு மையும், சுற்றிவர முப்பது பேரும். தேடுகிற பொலிஸுக்கு அவை ஒன்றுக்கும் உதவாது. நரைத்த தாடியும் வீட்டுக் கோலமுமாக மகள் விளையாட்டாக எடுத்த படம்தான் எல்லா இடத்துக்கும் போனது.

பொலிஸ் வந்ததும் முதல் செய்தது வீட்டைத் தேடியதுதான். அலுமாரி, கட்டிலின் கீழ், கராஜில் நின்ற கார், பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பின்னால்கூட டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். "மனிசன் வெளியில போயிட்டார் எண்டு சொல்லுறம், இவை அலுமாரிக்குள்ள தேடுகினம்" என்று சின்னம்மா கோபப்பட்டார். எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் வீட்டுக்குள்ளேயே, யாரும் நினைக்காத மூலையில் ஆள் கிடைத்த கதைகள் இருப்பதால் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவோம் என்று அதிகாரி பொறுமையாகச் சொன்னார். மோப்ப நாய் வரலாம், அதனால் அப்பாவின் தலையணை உறையையும் கழற்றிப் போட்ட சேட்டையும் வேறு யாரும் தொட வேண்டாம் என்றும் சொன்னார். அதற்குள் அம்மா படுக்கையை உதறி மடிக்கத் தொடங்கியிருந்தார், ஓடிப்போய்த் தடுத்தோம்.

அப்போதுதான் நான் கேட்டேன், "அம்பர் அலேர்ட் எப்போது விடுவீர்கள்?" என்று. என் மனதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது: இன்னும் கொஞ்ச நேரத்தில் ஸ்காபரோ முழுக்க எல்லார் ஃபோனும் அலறும், பஸ்ஸுக்குள் இருப்பவர், கடையில் நிற்பவர், ரிம் ஹோர்ட்டன்ஸில் கோப்பி குடிப்பவர் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், யாராவது ஒருவர் "இந்த ஐயாதானே" என்பார்.

அதிகாரி நேராகவே பதில் சொன்னார். ஒன்ராறியோவில் அம்பர் அலேர்ட் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். அதிலும் பிள்ளை கடத்தப்பட்டதாகவும் ஆபத்தில் இருப்பதாகவும் பொலிஸ் நம்ப வேண்டும். பிள்ளையைப் பற்றியோ கடத்தியவரைப் பற்றியோ வாகனத்தைப் பற்றியோ சனங்களுக்குச் சொல்லத் தகவலும் இருக்க வேண்டும். தானாக நடந்து போன முதியவர் அந்த வரையறைக்குள் எங்கும் வரமாட்டார். 2018 ஏப்ரலிலிருந்து கனடாவில் கைபேசிகளுக்கு வருகிற 'அலேர்ட் ரெடி' அவசரச் செய்திகளில் காட்டுத்தீ, சூறாவளி, குடிநீர்ப் பிரச்சினை, 911 வேலை செய்யாமை எல்லாம் உண்டு. காணாமல் போனவர்களுக்கென்று இருப்பது அம்பர் மட்டும்தான். மறதி நோயுள்ளவர்களுக்கு ஒன்றும் இல்லை.

எனக்கு அந்த நிமிடம் கால் தளர்ந்துவிட்டது.

ஃபோன் அலேர்ட் இல்லையென்பதால் பொலிஸ் சும்மா இருந்தது என்று யாரும் எடுக்க வேண்டாம். படத்தோடு செய்தி அறிக்கை போனது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பார்க்கிங்கில் வாகனத்தை நிறுத்தி அதைத் தேடுதல் நிலையமாக்கினார்கள். வீடு வீடாகப் போய்ப் பின்வளவுகளையும் கருவி வைக்கிற கொட்டில்களையும் பார்க்கச் சொன்னார்கள், வாசல் மணிக் கமராப் பதிவுகளைக் கேட்டார்கள். ஒன்ராறியோவில் காணாமல் போனோர் சட்டம் ஒன்று 2019 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குற்றம் நடந்ததற்கான சான்று இல்லாவிட்டாலும், அவசரம் என்றால் காணாமல் போனவர் பற்றிய பதிவுகளைப் பொலிஸ் கேட்டு வாங்க அது இடம் கொடுக்கிறது. அப்பாவின் ஜக்கெட் பையில் பஸ் கட்டணத்துக்கான பிரெஸ்ரோ அட்டை இருந்தது மனைவிக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொன்னதும் தேடுதலின் போக்கே மாறிவிட்டது. அதுவரை நடக்கிற தூரத்துக்குள் தேடினார்கள், பிறகு பஸ் போகிற தூரத்தையும் யோசிக்க வேண்டி வந்தது. அட்டை, சாவி, பழைய ஃபோன் என்று அவரோடு போன எந்தச் சின்னப் பொருளையும் சொல்லுங்கள்.

நாங்கள் எங்கள் பக்கத்தில் வட்ஸ்அப்பில் இறங்கினோம். கோயில் குழு, ஊர்ச் சங்கக் குழு, பிள்ளைகளின் தமிழ் வகுப்புக் குழு, பழைய மாணவர் குழு. தமிழ் வானொலியிலும் சொன்னார்கள், தமிழ்க் கடைகளில் ஒட்டினார்கள். எங்கள் சனம் இதில் குறை வைக்கவில்லை. முகம் தெரியாத பெடியள் எல்லாம் காரில் இறங்கி ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினார்கள். ஆனால் அந்த வழியின் பலவீனமும் அன்றைக்கே தெரிந்தது. முதல் போன செய்தியில் திகதி இல்லை, நேரம் இல்லை, என் மைத்துனரின் ஃபோன் இலக்கம் இருந்தது. கொஞ்ச நேரத்தில், அப்பா தங்களிடம் இருக்கிறார், காசு அனுப்பினால் இடம் சொல்கிறோம் என்று யாரோ அடித்தார்கள். பொலிஸ் சொல்லித்தான் பிறகு பொலிஸ் இலக்கத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் மட்டும் போட்டு, காணாமல் போன திகதியும் நேரமும் சேர்த்துப் புதிதாக அனுப்பினோம். பழையது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த வருடம்கூட ஒருவர் மொன்றியலில் இருந்து எடுத்து, "ஐயா கிடைச்சிட்டாரோ?" என்று கேட்டார்.

அப்பா கிடைத்தது ஸ்ரீல்ஸ் வீதிக்கு வடக்கே, மார்க்கமில். ஸ்ரீல்ஸைத் தாண்டினால் ரொறன்ரோ முடிந்துவிடும், பொலிஸும் வேறு. ஒரு பிளாசாவில் கடையைப் பூட்டிவிட்டு வந்த சீனப் பெண்மணி, தான் தேநீர் வாங்கப் போனபோது பஸ் தரிப்பிடத்தில் கண்ட அதே முதியவர் இருட்டின பிறகும் அதே இடத்தில் செருப்போடு இருக்கிறாரே என்று யோசித்து 911 அடித்திருக்கிறார். வந்த பொலிஸிடம் அப்பா பெயரைச் சரியாகச் சொன்னார். விலாசம் கேட்டபோது கொக்குவில் வீட்டு விலாசத்தை, குறுக்குத் தெரு உட்பட, பிழையில்லாமல் சொன்னாராம். நல்லவேளையாக ரொறன்ரோ பொலிஸ் விபரத்தை நாடு முழுவதும் பொலிஸார் பார்க்கிற கணினிப் பதிவில் போட்டிருந்தது. பெயரைத் தட்டியதும் எங்கள் வீடு வந்தது. அம்புலன்ஸில் போர்த்தி வைத்திருந்தார்கள். கால் விரல்கள் வெளிறிப் போயிருந்தன. என்னைக் கண்டதும், "கந்தோர் பூட்டிட்டாங்கள் தம்பி, கடைசி பஸ்ஸும் போட்டுது" என்றார்.

பிறகு அந்த அதிகாரி சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அப்பா பஸ்ஸில் முன் இருக்கையில், ஆட்களுக்கு நடுவில், கடைசித் தரிப்பு வரை இருந்து போயிருக்கிறார். அந்தத் தரிப்பிடத்தில் எத்தனையோ பஸ் வந்து போயிருக்கிறது. பார்த்தவர்கள் ஏராளம். இவரைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. அந்தப் பெண்மணிக்கும் தெரியாது, மனச்சாட்சி சொல்லித்தான் அடித்தார். எங்கள் வட்ஸ்அப் குழுக்கள் தமிழர் வீட்டுக்குள்ளேயே சுற்றின. அப்பா இருந்ததோ தமிழர் அல்லாதவர்கள் நிறைந்த தெருவில். அந்தப் பகுதிக் கைபேசிக் கோபுரங்களிலிருந்து ஒரு செய்தி போயிருந்தால், அது ஆரின் ஃபோன், எந்த மொழிக்காரர் என்று பார்த்திருக்காது. பொலிஸ் எல்லையையும் பார்த்திருக்காது.

எதிர்ப்பக்கம் சொல்கிற நியாயம் எனக்குத் தெரியும். 2019 இல் நடு இரவில் அம்பர் அலேர்ட் வந்து நித்திரை குழம்பியதென்று 911க்கே அடித்துத் திட்டியவர்கள் இந்த மாகாணத்தில் இருந்தார்கள். கனடாவில் இந்த அலேர்ட்டை ஃபோனில் நிறுத்தி வைக்கவும் முடியாது. அல்ஸைமர் அமைப்புகள் சொல்கிறபடி மறதி நோயுள்ளவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஒருமுறையாவது வழிதவறிப் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் மாகாணம் முழுக்க அலற விட்டால் சனம் ஃபோனைத் திரும்பியும் பாராது. ஆனால் ஏன் மாகாணம் முழுக்க? தென்கொரியாவில் 2021 ஜூனிலிருந்து 18 வயதுக்கு உட்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், மறதி நோயாளிகள் காணாமல் போனால் அந்த வட்டாரத்து ஃபோன்களுக்கு வயது, உயரம், உடுப்பு, படத்துக்கான லிங்க் என்று குறுஞ்செய்தி போகிறது. அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் எஃப்.சி.சி. என்ற தொலைத்தொடர்பு ஆணையம், வயது வித்தியாசமில்லாமல் காணாமல் போய் ஆபத்தில் இருப்பவர்களுக்கென அவசர அறிவிப்பில் ஒரு தனி வகையை ஏற்றுக்கொண்டது. இங்கே அல்பேர்ட்டாவும் மனிற்றோபாவும் 2017 இலேயே முதியோருக்கான 'சில்வர் அலேர்ட்' சட்டம் கொண்டுவந்தன, ஆனால் அது பெரும்பாலும் ஊடகங்கள் வழியாகப் போவது. 2022 இல் ஒன்ராறியோவின் லிண்ட்சேயில் ஓட்டிஸம் உள்ள ஒரு சிறுவன் காணாமல் போனபோதும் கடத்தல் இல்லை, ஆகவே அம்பர் இல்லை என்றுதான் ஆனது. அந்தப் பிள்ளை உயிரோடு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இப்படியான பிள்ளைகளுக்கும் அலேர்ட் வேண்டுமென்று ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்து வைத்தார்கள். குறிப்பிட்ட சில கிலோமீற்றருக்குள், சாதாரணக் குறுஞ்செய்தி ஓசையோடு, பொலிஸ் உறுதி செய்த பிறகு ஒரு செய்தி. இதைத்தான் நான் கேட்கிறேன்.

இப்போது வீட்டில் செய்திருப்பவை: அப்பா கையில் மெடிக்அலேர்ட் காப்பு, ஆளையும் நோயையும் அடையாளம் காட்டுவது. கழற்ற முடியாத கொக்கி போட்டது, ஏனென்றால் முதல் வாங்கியதைக் கழற்றிச் சாமித்தட்டில் வைத்துவிட்டார். முன்கதவுக்குத் திறந்தால் மணியடிக்கிற கருவி. பாதிப்புக்குள்ளாகக் கூடியவர்களுக்காக ரொறன்ரோ பொலிஸ் வைத்திருக்கிற பதிவேட்டில் அவரது படம், நோய், பேசுகிற மொழி, போகக்கூடிய இடங்கள் எல்லாம் பதிந்தாயிற்று. குடும்பம் விரும்பினால் பதியலாம், கட்டாயமில்லை. போகக்கூடிய இடங்கள் என்ற பகுதியில் கோயிலையும் நூலகத்தையும் எழுதிவிட்டு, மார்க்கம் வீதியில் வடக்கே போகிற பஸ்ஸையும் எழுதினேன். மாதம் ஒருமுறை மகள் அவரை முழு உருவமாக ஒரு படம் எடுக்கிறாள், வீட்டு உடுப்போடு.

எங்கள் மாகாண சபை உறுப்பினருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். நீங்களும் போடுவதென்றால், உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு வீட்டு விலாசத்தோடு எழுதுங்கள். தொகுதிக்காரர் என்று தெரிந்தால்தான் எடுத்துப் பார்ப்பார்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.