பாட்டியின் வாய்க்குள் பார்த்திருக்க வேண்டும்

எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் தாதிமை மாணவர்களிடம் நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் எவை என்று கேட்டால், நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மைக்கோபிளாஸ்மா, லெஜியோனெல்லா என்று தடங்கலின்றி ஒப்பிப்பார்கள். எதிரே படுத்திருப்பவரின் நுரையீரலுக்குள் அந்தக் கிருமி எந்த வழியாக இறங்கியிருக்கும் என்று கேட்டால்தான் தயங்குவார்கள். அதை நான் குறையாகக் கருதுவதில்லை. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் எனக்கே அது புரிந்திருக்கவில்லை.

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த 78 வயதுத் தமிழ்ப் பாட்டி ஒருவர் அப்போது என் பொறுப்பில் இருந்தார். ஐந்தாம் நாள் காலையில் அவருடைய மகள், "நேத்து ராத்திரியிலேருந்து அம்மா என்னை அடையாளம் தெரியாமப் பேசுறாங்க சிஸ்டர்" என்றார். உடல் வெப்பம் 37.2 பாகை மட்டுமே, இருமலும் பெரிதாக இல்லை. ஆகவே தூக்கம் கெட்டதால் இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். பதிவேட்டில் சுவாச எண்ணிக்கை 18 என்று எழுதியிருந்தேன். அது நான் எண்ணி எழுதியதன்று, பார்த்த மாத்திரத்தில் மதிப்பிட்டது. பிறகு வந்த மூத்த தாதி பாட்டியின் நெஞ்சில் கைவைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினார்: 32. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெளுத்திருந்தது; நிமோனியா. முதியோருக்குப் பல வேளைகளில் காய்ச்சலே இராது. மூச்சின் வேகமும் மனக்குழப்பமும்தான் முதலில் தெரியும்.

அந்த மூத்த தாதி அடுத்துச் செய்தது பாட்டியின் வாயைத் திறந்து பார்த்ததுதான். கழற்றப்படாத செயற்கைப் பல்வரிசையின் அடியில் முந்தைய நாள் கஞ்சி ஒட்டியிருந்தது. பக்கவாதம் விழுங்கும் திறனைக் குலைக்கிறது. சுத்தம் செய்யப்படாத வாயில், அதுவும் மருத்துவமனைப் படுக்கையில் நாள்கணக்கில் கிடப்பவரின் வாயில், கிளெப்சியெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் (கிராம் சாயச் சோதனையில் ஊதா நிறத்தைத் தக்கவைக்காத) பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. தூக்கத்தில் அந்த எச்சில் சிறிது சிறிதாக மூச்சுக்குழாயில் இறங்குகிறது. வலது மூச்சுக்கிளைக்குழாய் அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் அது பெரும்பாலும் அந்தப் பக்கமே போகிறது. மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரம் கடந்தபின் வந்த நிமோனியா என்பதால், மருத்துவர் மருத்துவமனைகளில் தொற்றக்கூடிய சூடோமோனாஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஆகியவற்றையும் மனத்தில் வைத்தே மருந்தைத் தேர்ந்தெடுத்தார். பாட்டி பிழைத்தார். ஆனால் மூன்று வாரம் கூடுதலாகப் படுக்கையில் கிடந்தார், அதில் என் பங்கும் உண்டு.

எல்லா வழியும் வாய்வழி அன்று. பல ஆண்டுகளுக்குப் பிறகு, டிசம்பர் மழைக்காலத்தில், சேற்றில் வேலை செய்த கட்டுமான ஊழியர் ஒருவர் கடும் நிமோனியாவுடன் வந்தார். தமக்கு நீரிழிவு இருப்பதே அவருக்குத் தெரியாது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமாலை என்ற பாக்டீரியாவே காரணம்; அது உண்டாக்கும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். 1912இல் ரங்கூனில் ஆங்கிலேய மருத்துவர் விட்மோருடன் சேர்ந்து இந்த நோயை விவரித்தவர் கிருஷ்ணசுவாமி என்பதை மாணவர்களுக்குச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. நீரிழிவு, புகை, மது, போடப்படாத நியூமோகாக்கல் தடுப்பூசி ஆகியவற்றைப் பற்றி, நோயாளியை வார்டில் சேர்க்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பதை அந்த ஊழியர்தான் எனக்கு அழுத்தமாக உணர்த்தினார்.

இப்போது என்னுடன் வரும் மாணவரிடம் முதலில் கட்டிலின் தலைப்பகுதியை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தச் சொல்கிறேன். பிறகு நோயாளியின் வாய்க்குள் பார்க்கச் சொல்கிறேன்; கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சை எண்ணச் சொல்கிறேன். பாக்டீரியாவின் பெயரை அதன் பிறகே கேட்கிறேன்.