கொக்கி தண்ணியைத் தொட்ட பிறகே கை நீட்டுங்க

2017 ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரைகள் ஹெலிகாப்டர் வராதா என்று வானத்தையே பார்த்துக் கிடந்தன. ஆழ்கடலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும், ஆளைத் தூக்க ஹெலிகாப்டரிலிருந்து கொக்கியோடு இறக்குகிற மீட்புக் கம்பியைப் பற்றித் தெரிந்திருக்கணும்.

வியட்நாம் போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகளையும் இப்படிக் கம்பியில்தான் தூக்கினார்கள். சுழலும் இறக்கைகள் காற்றோடு உரசுவதால் ஹெலிகாப்டரில் நிலைமின்சாரம் ஏறும். கொக்கி தண்ணியையோ தரையையோ தொட்டால்தான் அது இறங்கும். முந்திப் பிடித்தால் பலமான அதிர்ச்சி.

கம்பியைப் படகில் ஒருபோதும் கட்டாதீங்க, அலையில் படகு தாழ்ந்தால் ஹெலிகாப்டருக்கே ஆபத்து. கம்பியோடு வரும் தூக்குப் பட்டையை அக்குளுக்குக் கீழே மாட்டுங்க. கைகள் தாழ்ந்தே இருக்கணும், உயர்த்தினால் உடம்பு நழுவிவிடும்.

பாராசூட்டில் குதித்த விமானிகள், தூக்கப்படும் முன் முதலில் அதைக் கழற்றிவிடுவார்கள். இறக்கைக் காற்றில் அது மறுபடி விரிந்து ஆளை இழுத்துப் போகும். படகில் தார்ப்பாயும் வலையும் அப்படித்தான், முன்னாடியே இறுக்கிக் கட்டுங்க.